கூந்தல் உதிர்வது ஏன்?

சீப்பிலே சுருண்டு வரும் முடியைக் கண்டு மனங்கலங்காத பெண்கள் அரியர். உடனே நாம் எண்ணெயை மாற்றுகிறோம். அன்றேல் கிணற்று நீரின் மேல் பழியைச் சுமத்துகிறோம். வன்னியிலே கிணற்று நீர் பலவிடங்களில் வன்னீராய் இருப்பது உண்மையே. அந்நீர் கூந்தலை முரடாக்கும். ஆயினும், முடி வேரோடு கழல்வதற்குரிய காரணம் பெரும்பாலும் உடலின் உள்ளேதான் இருக்கின்றது.

நம் தலையில் ஏறக்குறைய 100,000 முடிகள் உள. ஒவ்வொன்றும் 2 முதல் 6 ஆண்டுகள் வரை வளர்ந்து, ஏறத்தாழ 3 மாதம் ஓய்ந்திருந்து, பின் உதிர்ந்து புதியதற்கு இடம் விடுகின்றது. ஆகவே நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி வரை உதிர்வது இயற்கையே.

கடுங்காய்ச்சல், பிரசவம், சத்திரசிகிச்சை, பட்டினி, பெருந்துயர் என்பன நேருங்கால், வளர வேண்டிய முடிகளிற் பல ஒரே சமயத்தில் ஓய்வுக்குச் சென்றுவிடுகின்றன. இரண்டு மூன்று மாதங்கழித்து அவை கொத்துக் கொத்தாய் உதிர்கின்றன. அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன் 1961இல் இதனை விளக்கி எழுதினார். ஆதலின், "நேற்று என்ன எண்ணெய் பூசினோம்?" என்பதை விடுத்து, "மூன்று மாதத்தின் முன் நமக்கு என்ன நேர்ந்தது?" என்றே நாம் கேட்டல் வேண்டும்.

2009ஆம் ஆண்டை எண்ணிப் பாருங்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவு மக்கள் யாவையும் இழந்து செட்டிகுளம் மெனிக் பாம் முகாமை அடைந்தனர். மேற்கூறிய காரணங்களெல்லாம் ஒருங்கே வந்து சூழ்ந்த காலம் அது. அந்நாளிற் கூந்தலை இழந்த பெண் எவரும் அதனைத் தம் குறையென்று எண்ண வேண்டியதில்லை. உயிரைக் காக்கும் பொருட்டு உடல் கூந்தலைக் கைவிட்டது; அவ்வளவே.

இவ்வகை உதிர்வு பெரும்பாலும் ஆறு மாதத்தினுள் தானாகவே தணியும். எனினும் முடி மாதமொன்றுக்கு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றரே வளருமாதலின், பொறுமை வேண்டும்.

தணியாது நீடித்தாலோ, வகிடு அகன்றாலோ, நாணய வட்டமாய் வழுக்கை தோன்றினாலோ வாளாவிருத்தல் தகாது. இரும்புச்சத்துக் குறைவு, தைரொயிட் சுரப்பியின் கோளாறு, பரம்பரைத் தன்மை முதலியன காரணமாகலாம். அரசினர் வைத்தியசாலையிற் காட்டி, வைத்தியர் கூறும் இரத்தப் பரிசோதனையைச் செய்வித்துக் கொள்ளுங்கள்.

இறுதியாக ஒன்று. கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் பரிமாறிவிட்டு, மிஞ்சியதை உண்பது நம் தாய்மாரின் வழக்கம். மீனும் முட்டையும் பயறும் கீரையும் அவர்தம் கோப்பையிலும் விழ வேண்டும். சோற்றோடு சிறிது தேசிக்காய்ப் புளி சேர்ந்தால் இரும்புச்சத்து நன்கு உடலிற் சேரும். உண்டவுடன் பருகும் தேநீரோ அதனைத் தடுக்கும். எண்ணெய்ப் போத்தலுக்குச் செலவிடும் பணத்திற் பாதியேனும் தாயின் உணவுக்குச் செல்லுமாயின், கூந்தலோடு உடலும் தேறும்.