கோப்பையை மறந்த காப்டன்

பந்தயத்தில் ஜெயித்த காப்டன் என்ன செய்வார்? கோப்பையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டுவார். படம் பிடிப்பவர்களைப் பார்த்துச் சிரிப்பார். பிறகு விருந்துக்குப் போவார். அயர்லாந்தில் ஒரு காப்டன், ஜெயித்த கோப்பையை உடை மாற்றும் அறையிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டார் என்று சொல்லுவார்கள். அது நடந்தது 1959-ல். அவர் பெயர் மிக் ஓகானல்.

அவர் ஆடியது கேலிக் கால்பந்து. பக்கத்துக்கு 15 பேர். பந்தைக் காலால் உதைக்கலாம், கையாலும் பிடிக்கலாம். ஆனால் கையில் வைத்துக்கொண்டு நான்கு எட்டுக்கு மேல் ஓடக் கூடாது. தரையில் ஒரு தட்டுத் தட்ட வேண்டும். அல்லது கால் நுனியால் எற்றி மறுபடியும் கையில் வாங்க வேண்டும். ஓட்டத்தை நிறுத்தாமல் இதைச் செய்து பாருங்கள், கஷ்டம் தெரியும்!

எல்லாவற்றையும்விட ஆச்சரியமான சங்கதி ஒன்று உண்டு. ஆட்டக்காரருக்குச் சம்பளம் கிடையாது. 1884-ல் தோன்றிய கேலிக் விளையாட்டுச் சங்கம் இந்த விதியை இன்றும் கைவிடவில்லை. டப்ளின் நகரத்துக் க்ரோக் பார்க் மைதானத்தில் 80,000 பேர் கரகோஷம் செய்தாலும், மறுநாள் காலையில் ஆட்டக்காரர் தம் வேலைக்குப் போயாக வேண்டியதுதான்.

1937-ல் பிறந்த ஓகானலுக்கு ஊர் வாலென்ஷியா. கெர்ரி மாவட்டத்தின் மேற்குக் கோடியில், அட்லாண்டிக் சமுத்திரத்தில் உள்ள தீவு. அமெரிக்காவுக்குக் கடலடித் தந்திக் கம்பி போட்டது இங்கிருந்துதான். அந்தத் தந்தி நிலையத்தில்தான் ஓகானலுக்கும் உத்தியோகம்.

அப்போது தீவுக்குப் பாலம் இல்லை. கெர்ரி கோஷ்டியுடன் பயிற்சி செய்ய வேண்டுமானால், முதலில் படகில் ஏறித் துடுப்புப் போட்டு அக்கரை சேர வேண்டும். அங்கிருந்து கில்லார்னி நகரத்துக்குச் சுமார் 60 கிலோமீட்டர் தரை வழிப் பயணம். பயிற்சி முடிந்து இருட்டில் அதே வழியாகத் திரும்ப வேண்டும். காசு ஒன்றும் வரப் போவதில்லை. ஆனாலும் போனார், பல வருஷங்கள் போனார். மற்ற நாட்களில் தீவிலேயே தனியாகப் பந்துடன் பழகினார்.

பலன் மைதானத்தில் தெரிந்தது. நடு ஆட்டக்காரரான அவர், கூட்டத்துக்கு மேலே எம்பிப் பந்தைப் பிடிக்கிற அழகைப் பார்க்கவே ஜனங்கள் வந்தார்கள். வலது கால், இடது கால் என்ற பேதமின்றி உதைப்பார்.

1959 இறுதிப் போட்டியில் கெர்ரி, கால்வே கோஷ்டியை வென்றது. காப்டனுக்கு வயது 22. விருந்து, உபசாரம் எல்லாம் காத்திருந்தன. அவரோ அன்றிரவே ஊர் திரும்பி, படகைத் தள்ளிக்கொண்டு தீவுக்குப் போய்ச் சேர்ந்தாராம். கர்வம் என்றார்கள் சிலர். கூச்சம் என்றார்கள் சிலர். ஆட்டம் முடிந்ததும் அவருக்கு வேண்டியதும் முடிந்துவிட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆடுவதற்காகத்தானே போனார்! கோப்பைக்காகவா போனார்?

அதற்குப் பிறகு 1962, 1969, 1970 என்று இன்னும் மூன்று முறை கெர்ரி பட்டம் வென்றபோதும் அவர் ஆடினார். 1962-ல் அந்த வருஷத்தின் சிறந்த ஆட்டக்காரர் என்ற பட்டமும் வந்தது. தீவுக்குப் பாலம் வந்தது அவருடைய ஆட்ட வாழ்க்கையின் கடைசிக் கட்டத்தில்தான்.

புகழை விட்டு அவர் விலகிப் போனார். புகழ் அவரை விடவில்லை. 1999-ல், எல்லாக் காலத்துக்குமான சிறந்த 15 பேரைத் தேர்ந்தெடுத்தபோது ஓகானலுக்கும் இடம் கிடைத்தது. அந்த 15 பேருக்கும் அயர்லாந்து தபால் இலாகா தபால் தலை வெளியிட்டது.

கோப்பையை அறையிலே வைத்துவிட்டுப் போகலாம். தபால் தலையை என்ன செய்வது? அது ஊர் ஊராய்ப் போய்விடுமே!