ஒதுங்காத ஓட்டக்காரர்

பெயர்தான் கால்பந்து. அமெரிக்கர்கள் அதைப் பெரும்பாலும் கையால்தான் ஆடுகிறார்கள். பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, எதிரணியின் மலைபோன்ற ஆட்களுக்கிடையே புகுந்து ஓடுபவர் ‘ரன்னிங் பேக்’. சிகாகோ பேர்ஸ் அணிக்காக 1975 முதல் 13 பருவங்கள் இந்த வேலையைச் செய்தார் மிசிசிப்பிக்காரரான வால்டர் பேட்டன். தவறவிட்டது ஒரே ஒரு ஆட்டம். ஓடிய தூரம் 16,726 கஜம். சுமார் 15 கிலோமீட்டர்தானே என்று தோன்றலாம். 3,838 தடவை பந்தைச் சுமந்து, இடிபட்டு விழுந்து எழுந்து சேர்த்த தூரம் அது. அடிக்குப் பயந்து கோட்டுக்கு வெளியே ஒதுங்குவது அவருக்குப் பிடிக்காது. செல்லப் பெயரோ ‘ஸ்வீட்னஸ்’!

1977 நவம்பரில் காய்ச்சலோடு இறங்கி ஒரே ஆட்டத்தில் 275 கஜம் ஓடினார். அன்று அது சாதனை. 1986 ஜனவரியில் பேர்ஸ் 46-10 என்று சூப்பர் பவுலை வென்றபோது மட்டும் பேட்டன் கணக்கில் ஒரு டச் டவுன்கூட இல்லை. கோட்டருகே பந்து போனது வில்லியம் பெர்ரி என்ற பிரும்மாண்டமான தடுப்பாட்டக்காரரிடம். பயிற்சியாளர் மைக் டிட்கா இதற்காகப் பிற்பாடு வெளிப்படையாகவே வருந்தினார்.

1999 பிப்ரவரி. இளைத்துப்போன பேட்டன் நிருபர்கள் முன் கண்ணீர் விட்டார். பித்த நாளங்களைச் சிதைக்கும் அரிய நோய்; மாற்றுக் கல்லீரல் தேவை. பயமாக இருக்கிறதா என்று கேட்டபோது ஆமாம் என்றார், ஒளிக்காமல். பிறகு பித்த நாளத்தில் புற்றுநோய் தெரியவர, மாற்று அறுவைக்கும் வழியில்லாமல் போனது. ஆனாலும் உறுப்பு தானம் செய்யும்படி மற்றவர்களுக்காகக் கேட்டுக்கொண்டிருந்தார், நவம்பர் 1ல் இறக்கும்வரை.