நிறத்தையும் அளந்தே காண வேண்டும்

ஹைதராபாத் நகரின் பாலாநகரில் தேசியத் தொலையுணர்வு மையம் அமைந்துள்ளது. செயற்கைக் கோள்கள் அனுப்பும் தகவல்களை ஷாத்நகரிலுள்ள அதன் நிலையம் பெறுகிறது. அவற்றிலிருந்து ஆயத்தமாகும் படங்கள் நாட்டின் பல அலுவலகங்களுக்கும் செல்கின்றன. அவற்றைக் கணிப்பொறித் திரையில் விரித்து, நிறத்தைக் கொண்டு நிலத்தின் நிலையை ஆராய்கின்றனர். ஆயின், அத்திரை காட்டும் நிறம் மெய்யானதா என்ற கேள்வி போதிய அளவு எழுப்பப்படுவதில்லை.

இப்படங்களில் காணும் நிறம் இயற்கை நிறம் அன்று. வழக்கமான முறையில், கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பு அலை சிவப்பாகவும், சிவப்பு ஒளி பச்சையாகவும், பச்சை ஒளி நீலமாகவும் காட்டப்படுகின்றன. செழித்த இலை அகச்சிவப்பை மிகுதியாகப் பிரதிபலிப்பதால், நல்ல பயிர் ஆழ்ந்த சிவப்பாகத் தோன்றும். நலிந்த பயிர் வெளிறித் தோன்றும். ஒரு சிவப்புக்கும் மற்றொரு சிவப்புக்கும் உள்ள சிறு வேற்றுமையே இங்குப் பொருள் தருவது. திரை மங்கியிருந்தாலோ, மஞ்சள் பாரித்திருந்தாலோ, அவ்வேற்றுமை மறையக்கூடும். கோப்பிலுள்ள எண்கள் மாறுவதில்லை. பார்ப்பவரின் முடிவே மாறுகிறது.

கண்ணால் பார்த்தே திரையைத் திருத்தலாம் என்பது சிலர் கருத்து. அது பொருந்தாது. கண் தன் முன்னுள்ள வெளிச்சத்துக்குத் தானே பழகிக்கொள்ளும் இயல்புடையது. மஞ்சள் பாரித்த திரையும் சற்று நேரத்தில் வெண்மையாகவே தோன்றும். தராசைப் படிக்கல் வைத்துச் சோதிப்பது போல, திரையை நிறமானி கொண்டு சோதித்தல் வேண்டும். கையளவான அக்கருவியைத் திரைமேல் பொருத்தினால், அது திரையின் நிறங்களை ஒவ்வொன்றாக அளந்து, நியமத்திலிருந்து அவை எவ்வளவு விலகியுள்ளன என்று காட்டும். வெண்மைக்கு 6,500 கெல்வின் என்பது பரவலாகக் கொள்ளப்படும் நியமம்.

திருத்தம் எங்குச் செய்யப்படுகிறது என்பதும் முக்கியமே. சாதாரணத் திரை ஒவ்வொரு நிறத்திலும் 256 படிகளைக் காட்டும். கணிப்பொறியின் பக்கத்திலேயே திருத்தினால் அவற்றுள் சில இழக்கப்பட்டு, மென்மையான சாயல்களில் பட்டைகள் விழலாம். உயர்தரத் திரைகள் சிலவற்றில் இன்னும் நுண்ணிய படிகள் கொண்ட திருத்த அட்டவணை உள்ளேயே அமைந்திருப்பதால் இவ்விழப்பு தவிர்க்கப்படுகிறது. 2011-ஆம் ஆண்டு ஏவப்பட்ட ரிசோர்ஸ்சாட்-2 கோளின் லிஸ்-3 கருவி 1,024 படிகளில் அளக்குமாறு அமைக்கப்பட்டது. அத்துணை நுட்பத்தைத் திருத்தப்படாத திரையில் வீணாக்குதல் தகாது.

செலவு அதிகம் என்று தயங்க வேண்டுவதில்லை. நிறமானி ஒன்றை மாவட்ட அலுவலகத்தில் வைத்து, மாதம் ஒரு முறை எல்லாத் திரைகளுக்கும் முறைவைத்துப் பயன்படுத்தலாம். அது வரும்வரையிலும் சில ஒழுங்குகள் கைக்கொள்ளத்தக்கவை: திரையை இயக்கி அரைமணி கழித்தே பார்த்தல், அதன்மீது வெயில் விழாமல் காத்தல், வெளிச்சத்தைத் தானே மாற்றும் ஏற்பாட்டை நிறுத்திவைத்தல். ஆசிரியர்கள் ஒரே படத்தை இரு திரைகளில் அருகருகே காட்டினால், மாணவர்க்கு இவ்வுண்மை எளிதில் விளங்கும்.

பயிர் வாடிற்று என்றோ செழித்தது என்றோ எழுதப்படும் ஒரு குறிப்பு, உழவர் ஒருவரின் நிவாரணத்தை நிர்ணயிக்கக்கூடும். ஆதலின் ஐயமுள்ள இடங்களில் வயலுக்கே சென்று காண்பது களப் பணியாளரின் கடமை. திரையை அளந்து வைத்திருப்பது அதற்கு முன்னரே செய்யவேண்டிய கடமை.