மோட்டார் வண்டியின் துபாஷி

புதுச்சேரியையும் அதனைச் சூழ்ந்த கடற்கரை நாட்டையும் பற்றிய வரலாற்றைப் படிப்போர் ‘துபாஷி’ என்னும் சொல்லைப் பலகாலும் காண்பர். இரு மொழி வல்லான் என்பது அதன் பொருள். பிரெஞ்சுக் கவர்னர் டூப்ளேயின் காலத்தில் அப்பதவியிற் சிறந்து விளங்கியவர் ஆனந்தரங்கப் பிள்ளை. 1736 முதல் அவர் எழுதிவந்த நாட்குறிப்பை அறியாத தமிழ் மாணவர் சிலரே ஆவர். அக்காலப் போரில் 1760-ஆம் ஆண்டு ஆங்கிலேயர் வசமான பெருமுக்கல் மலைக்கோட்டை, திண்டிவனத்தினின்றும் மரக்காணம் செல்லும் சாலைப் பக்கத்தே இன்றும் சிதைவுற்றுக் காணப்படுகின்றது. துபாஷிகள் மறைந்தனர். ஆயினும் அச்சாலையில் இன்று ஓடும் பல வண்டிகளின் உள்ளே, நகத்தளவேயான ஒரு துபாஷி வீற்றிருத்தலைப் பலர் அறியார். அதன் தொழிலை விளக்குதலும், அதனாற் பெறும் அறிவு யாவர்க்கும் உரியது என்பதை நிறுவுதலுமே இக்கட்டுரையின் நோக்கமாம்.

முற்காலத்து மோட்டார் வண்டியின் நோயைப் பட்டறைக்காரர் காதாற் கேட்டும் கையால் தொட்டும் அறிந்தனர். இக்காலத்து வண்டியிலோ, எரிபொருளின் அளவையும் தீப்பொறியின் காலத்தையும் ‘இ.சி.யு.’ என்று வழங்கும் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டியே வகுக்கின்றது. யாதேனும் பழுது நேரின் அப்பெட்டி அதனை ஒரு குறியெண்ணாகத் தன் நினைவிற் பதித்து வைக்கும். அதனைக் கேட்டறியும் கருவியே ஸ்கேனர் என்பது. ஸ்கேனரும் பெட்டியும் ஒரே கம்பியில் உரையாடும் முறை 1989-இல் ஐ.எஸ்.ஓ. 9141 என்னும் அனைத்துலக விதியாக வெளிவந்தது. அக்கம்பிக்குக் ‘கே’ கம்பி என்று பெயர். ஓட்டுநரின் முழங்காலருகே உள்ள 16 துளைச் சொருகியில் 7-ஆம் துளை அதற்குரியது. 16-ஆவது பாட்டரிக்கும், 4-உம் 5-உம் ‘எர்த்’ என்னும் தரையிணைப்புக்கும் உரியன.

ஈண்டு ஓர் இடர்ப்பாடு உளது. பெட்டியினுள் இருக்கும் நுண்கணக்கன் 5 வோல்ட் அளவிலே பேசுவது, மிக மெல்லியது. வெளியே ஓடும் கம்பியோ பாட்டரியின் 12 வோல்ட் அளவிலே பேசுவது; லாரி போன்ற பெருவண்டிகளில் 24 வோல்ட். இவ்விரண்டையும் நேரே இணைப்பின் மெல்லியது மாய்ந்துவிடும். ஆதலின் இடையே நின்று ஒன்றன் மொழியை மற்றொன்றற்கு உரைக்கும் சில்லு ஒன்று வேண்டப்படுகின்றது. அதுவே நாம் கூறிய துபாஷி. எஸ்.டி. மைக்ரோஎலக்ட்ரானிக்ஸ் கம்பெனியாரின் எல்9637 என்னும் சில்லு இவ்வகையினது. அதற்குக் கால்கள் எட்டே.

அதன் தொழில் வியக்கத்தக்க எளிமையுடையது. கே கம்பி, ஸ்கேனரின் பக்கத்தில் 510 ஓம் தடையொன்றன் வழியே பாட்டரியோடு இணைக்கப்பட்டிருத்தலின், வாளாவிருக்கும்போது உயர்ந்த நிலையிலேயே நிற்கும். நுண்கணக்கன் ‘சுழி’ என்று சொல்லக் கருதின், சில்லினுள் இருக்கும் டிரான்சிஸ்டர் திறந்து கம்பியைத் தரைக்கு இழுக்கும். ‘ஒன்று’ என்று சொல்லக் கருதின், அது பிடியை விட்டுவிடும். தடையானது கம்பியைத் தானே மேலேற்றும். சில்லு இழுக்க வல்லது, தள்ள வல்லதன்று. எனவே இருவர் ஒருங்கே பேசினும் சொற்கள் குழம்புமேயன்றிக் கருவிகள் கெடா. மேலும், கம்பி ஒன்றே ஆதலின், பேசுவோன் தான் பேசியதைத் தானும் கேட்பன்.

கேட்கும் முறையோ இதனினும் நேர்த்தியானது. இத்தனை வோல்ட் இருந்தால் ‘ஒன்று’ என்று சில்லு நிலையாக வரையறுத்துக்கொள்வதில்லை. பாட்டரியின் அழுத்தத்தில் நூற்றுக்கு 70 பங்குக்கு மேற்பட்டதை ‘ஒன்று’ என்றும், 30 பங்குக்குக் கீழ்ப்பட்டதைச் ‘சுழி’ என்றும் கொள்ளுதல் விதி. பேசுவோனுக்கு விதித்த எல்லையோ இன்னும் கடியது: 80-க்கு மேல், அன்றேல் 20-க்குக் கீழ். பாட்டரி நலிந்து அழுத்தம் குறையினும் எல்லைகளும் உடன் குறைதலின் பேச்சுத் தடைப்படுவதில்லை. சொல்வோன் திருத்தமாகச் சொல்லல் வேண்டும், கேட்போன் சிறிது பொறுத்துக் கேட்டல் வேண்டும் என்னும் இந்நெறி மக்கட்கும் ஏற்றதே.

உரையாடல் தொடங்கும் முறையும் அறியத்தக்கது. ஸ்கேனர் முதலில் 51 என்னும் எண்ணை, நொடிக்கு ஐந்து பிட் வீதம், இரண்டு நொடிக்காலம் மெல்ல உரைக்கும். பெட்டி 85 என்னும் எண்ணால் விடைபகரும். ஒன்றும் சுழியும் மாறிமாறி வருதலால் அவ்வெண்ணைக் கொண்டே பேச்சின் வேகத்தை ஸ்கேனர் அளந்துகொள்ளும். பின்னர்ப் பெட்டி இரண்டு குறிச்சொற்களை அனுப்ப, இரண்டாவதைத் தலைகீழாக்கி ஸ்கேனர் திருப்பி உரைக்கும். பெட்டியும் தன்னை அழைத்த 51-ஐத் தலைகீழாக்கி 204 என்று உரைக்கும். இங்ஙனம் ஒருவரையொருவர் தெளிந்த பின்னரே நொடிக்கு 10,400 பிட் வேகத்தில் நோய்க்கதை சொல்லப்படும்.

இவற்றையெல்லாம் பட்டறைக்காரன் அறிந்து ஆவதென்னை என்பார்க்கு, மரக்காணத்து உப்பங்காற்றே விடை கூறும். அக்காற்றால் எர்த் இணைப்பிற் துருவும் சொருகியிற் களிம்பும் ஏறுதல் இயல்பு. எர்த் கெடின், சில்லு கம்பியை எத்துணை இழுப்பினும் அது 30 பங்குக்குக் கீழே இறங்காது. ஸ்கேனருக்குச் சுழி விளங்காது. ‘இணைப்பு இல்லை’ என்று அது கையை விரிக்கும். விதியறியாதவன் பெட்டியே பழுது என்று கருதி, வண்டிக்காரனைப் பெருஞ்செலவில் ஆழ்த்துவன். அறிந்தவனோ 16-ஆம் துளையிற் பாட்டரி அழுத்தம் உளதா, 4-உம் 5-உம் தரையைச் சேர்கின்றனவா, வாளாவிருக்கும்போது 7 உயர்ந்து நிற்கின்றதா என்று முறையே பார்த்து, களிம்பைத் துடைத்து வண்டியை அனுப்புவன். நாட்கூலிக்கு வண்டி ஓட்டுவோனுக்கு இவ்விருவரிடையே உள்ள வேற்றுமை ஒரு மாதத்து உணவாகும்.

ஆயின் கம்பி பொதுவாயினும் குறியெண்களின் பொருள் முழுதும் பொதுவன்று. பி0301 என்றால் முதல் சிலிண்டரில் எரிதல் தவறியது என்பதை உலகில் எவரும் அறியலாம். இரண்டாம் இடத்திற் சுழி நிற்பின் பொதுக்குறி. ஒன்று நிற்பின் அது வண்டி செய்வோரின் தனிக்குறி. அத்தனிக்குறிகளையும் அவற்றிற்குரிய கருவிகளையும் தம் சொந்தப் பட்டறைகளுக்கே வைத்துக்கொண்டால் சாலையோரத்துத் தொழிலாளியின் கதி என்னாம்? 2014 ஆகஸ்டு மாதத்தில் இந்தியப் போட்டி ஆணையம், உதிரி உறுப்புக்களையும் நோயறி கருவிகளையும் வெளிப்பட்டறைகளுக்குத் தடுத்தமைக்காகக் கார் கம்பெனிகள் 14-க்கு மொத்தம் ரூ. 2,544.65 கோடி அபராதம் விதித்தது. 2022-இல் இந்திய அரசாங்கம் பழுதுபார்க்கும் உரிமையை ஆராய ஒரு குழுவை நியமித்தது. இவ்வழக்கு நம் ஊர்ச் சாலைகளையும் தொடுவதே.

கம்பெனியார் ஒரு மறுப்புக் கூறுவர்: யாவும் திறந்துவிடின் கள்வர் சாவிக்குறியைக் களவாடுவர், புகைக்கட்டுப்பாட்டைச் சிலர் குலைப்பர் என்று. இதில் உண்மை இல்லாமலில்லை. சாவிக்குறியையும், பெட்டியின் உள்ளமைப்பை மாற்றும் வழியையும் அவர் காத்துக்கொள்ளட்டும். ஆனால் நோயை மாற்றி எழுதுதல் வேறு; நோயைப் படித்தறிதல் வேறு. தன் பணத்தால் வாங்கிய வண்டி தன்னிடம் என்ன சொல்லுகின்றது என்பதை அறிய ஒருவனுக்கு யாருடைய அனுமதி வேண்டும்? துபாஷி தன் எசமானன் சொல்லையே எசமானனுக்கு மறைப்பானாயின் அவனைத் துபாஷி என்னார், தரகன் என்பர்.

புதிய வண்டிகளிற் கே கம்பி அருகி, பாஷ் கம்பெனியார் 1986-இல் வெளியிட்ட ‘கான்’ என்னும் இருகம்பி முறை மேலோங்கிவிட்டது. 6-உம் 14-உம் அதன் துளைகள். சில்லு மாறினும் வினா மாறவில்லை.

இறுதியாக நம் கல்லூரி நண்பர்க்கு ஒரு வேண்டுகோள். பொதுக்குறிகளின் பொருள் ஆங்கிலத்திலே எளிதிற் கிடைக்கின்றது. பட்டறைச் சிறுவனுக்கு வேண்டுவது தமிழிலே. தமிழ் ஆனர்ஸ் மாணவரும் பௌதிக மாணவரும் ஒருங்கு கூடி, பொதுக்குறிகளுள் முதன்மையான நூற்றையேனும், ‘எர்த்’, ‘பிளக்கு’ முதலிய பட்டறை வழக்குச் சொற்களையே கையாண்டு, சிறு புத்தகமாக எழுதி, திண்டிவனம் முதல் மரக்காணம் வரை உள்ள பட்டறைகளுக்கு இலவசமாக அளித்தல் கூடும். எழுதுமுன் அப்பட்டறைக்காரரிடமே சென்று அவர்தம் சொற்களைக் கேட்டறிதல் நன்று. வரும் விடுமுறையே அதற்கு ஏற்ற காலம்.