கோடரியின் வயதை அறிவது எங்ஙனம்?

தமிழ்நாட்டரசு 2025 ஜனவரி 23 ஆம் நாள் வெளியிட்ட இரும்பின் தொன்மை பற்றிய ஆய்வறிக்கை தமிழ் கூறும் நல்லுலகெங்கும் பேசப்படுவதாயிற்று. தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் முதுமக்கட்டாழிகளோடு கிடைத்த இரும்புப் பொருள்களின் காலம் கி.மு. 3345 முதல் 2953 வரையிலானது என்பது அதன் துணிபு. அதனை யாத்தோர் கா. ராஜன், இரா. சிவானந்தம் என்னும் தொல்லியலறிஞர் இருவர். 2022 இல் அறிவிக்கப்பட்ட கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையின் காலமோ கி.மு. 2172.

இது கேட்டுத் தமிழ் நெஞ்சம் பூரித்தல் இயல்பே. ஆயினும், மாணாக்கர்க்கு இதனை உரைக்கும் ஆசிரியர் ஆண்டெண்ணை ஒப்புவிப்பதோடு அமைதல் கூடாது. அவ்வெண் எவ்வாறு பெறப்பட்டது என்பதையும் விளக்குதல் வேண்டும்.

துருவேறிய கோடரியொன்று தன் வயதைத் தானே கூறுவது அரிது. சங்கப் புலவர் நவியம் என்றும் கணிச்சி என்றும் வழங்கிய கருவியை நாம் கோடரி என்கின்றோம். பெயர் மாறிய அளவுக்கு வடிவம் மாறவில்லை. ஆதலின் வடிவம் மட்டும் சான்றாகாது. உலோகத்தின் இயல்பையும் நோக்குதல் வேண்டும். விண்கல் இரும்பில் நிக்கல் மிகுந்திருக்கும். எகிப்திய மன்னன் துத்தன்காமனின் குத்துவாள் விண்கல் இரும்பாலானது என்பதை அறிஞர் 2016 இல் இவ்வழியாலேயே நிறுவினர். கற்றாதை உருக்கிப் பெற்ற இரும்பு வேறு. அதுவே கொல்லனின் அறிவுக்குச் சான்று.

காலத்தைக் காட்டுவன பெரும்பாலும் கோடரியோடு உடன் கிடந்த பொருள்களே. தாழியினுட் கிடந்த கரியைக் காபன் முறையாலும், ஓட்டாஞ்சில்லை ஒளியுமிழ் முறையாலும் ஆராய்ந்தே சிவகளையின் காலம் கணிக்கப்பட்டது. இங்கும் விழிப்பு வேண்டும். முந்நூறாண்டு நின்ற மரத்தை எரித்தால் அதன் கரி அவ்விரும்பினும் மூத்ததாகக் காட்டக்கூடும். எனவே பல இடத்து மாதிரிகள் ஒரே விடையைத் தரும்போதே முடிபு வலுப்பெறும்.

நம் நாட்டிலும் இதற்குச் சிறந்த சான்று உண்டு. பலாங்கொடையை அடுத்த சமனலவெவயில் மேற்கு நோக்கிய மலைச்சரிவுகளில் பண்டை இரும்புலைகள் கண்டறியப்பட்டன. பிரித்தானிய ஆய்வாளர் கில் ஜூலெஃப் 1994 இல் அவ்வமைப்பிலேயே உலை கட்டி, துருத்தியின்றிப் பருவக்காற்றாலேயே இரும்பு உருக்கிக் காட்டினார். அவ்வாய்வு 1996 இல் 'நேச்சர்' இதழில் வெளியாயிற்று. ஒன்பதாம் நூற்றாண்டின் அறபு அறிஞர் அல்-கிந்தி தம் வாள் நூலிற் சரந்தீபின் உருக்கைக் குறித்தமை இதனோடு ஒப்புநோக்கற்பாலது. ஜூலெஃபின் துணிபுக்குத் துணைநின்றவை வாள்களல்ல. உலைச்சுவரும் கிட்டமும் கரியும் இருந்த இடத்திலேயே இருந்தமைதான்.

இனி நம் கரைக்கு வருவோம். கல்முனை, சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று வயல்களில் உழுவோன் கையில் நாளை ஒரு கோடரி அகப்படலாம். அவன் செய்யத்தக்கது யாது? அதனைப் பெயர்க்காது, அறிவித்தலே. 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டமும் அதனையே விதிக்கின்றது. ஆனால் அவன் நெஞ்சில் ஓர் அச்சம் உண்டு. பழம்பொருள் உண்டென்று சொன்னால் காணி பறிபோகுமோ என்பதே அது. கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைக்கென 2020 இல் சனாதிபதி செயலணி அமைக்கப்பட்டபோது, அதிற் தமிழரோ முஸ்லிம்களோ ஒருவரும் இடம்பெறவில்லை. அச்சத்துக்கு இது காரணமன்று என எவர் கூறுவார்?

அஞ்சியவன் கோடரியை ஆற்றில் எறிவான். அல்லது பழைய இரும்புக்காரனுக்கு விற்பான். எடுத்த இடம் மறைந்ததும் அதன் வயதும் மறைந்துவிடும். பின்னர் அம்மண்ணின் வரலாற்றை எவரும் தம் விருப்பம்போல் எழுதலாம். மறுத்துரைக்கச் சான்று இராது. ஆகவே மௌனம் நமக்குக் காவலன்று.

இதற்கு வழி இரண்டு. அகழ்வோர் உள்ளூராரையும் உடன்சேர்த்து, கண்ட முடிபைத் தமிழிலும் வெளியிடுதல் வேண்டும். ஆசிரியரோ, கண்ட பொருளைக் கண்ட இடத்திலேயே விட்டு, படம் பிடித்து, நாளும் இடமும் குறித்து அறிவிக்க மாணாக்கரைப் பழக்குதல் வேண்டும். கோடரிக்குச் சாதியில்லை, சமயமில்லை. அதன் சாட்சியம் கெடாது காப்பது இம்மண்ணில் வாழும் எல்லார்க்கும் உரிய கடன்.