மணிச்சட்டமும் கடைக் கணக்கும்

பிள்ளையை ‘அபகஸ்’ வகுப்பில் சேர்ப்பதா, வேண்டாமா? கல்முனை தொடக்கம் அக்கரைப்பற்று, திருக்கோவில் வரை கடை வைத்திருக்கும் பெற்றார் பலர் கேட்கும் கேள்வி இது. கட்டும் பணத்துக்கு வரவு என்ன என்று பார்ப்பது வியாபாரியின் வழக்கம். இதையும் அப்படியே பார்ப்போம்.

வகுப்புகளில் பெரும்பாலும் பழக்குவது ஜப்பானிய ‘சொரோபன்’ முறை. ஒவ்வொரு கம்பியிலும் மேலே ஒரு மணி. அதன் பெறுமதி ஐந்து. கீழே நான்கு மணிகள், ஒவ்வொன்றும் ஒன்று. முதலில் விரலால் நகர்த்தும் பிள்ளை, பிறகு சட்டத்தை மனதில் கண்டே கூட்டிக் கழிக்கும். 1946இல் டோக்கியோவில் நடந்த போட்டியில், தபால் அமைச்சின் சேமிப்புப் பிரிவு ஊழியர் மட்சுசாகி, மின்சாரக் கணிப்பொறியுடன் வந்த அமெரிக்கப் படைவீரரை இந்தச் சட்டத்தால் 4–1 என வென்றார். ஆகவே வேகத்தில் சந்தேகமில்லை.

ஆனால் ‘மூளை வளரும், ஞாபகசக்தி கூடும்’ என்ற விளம்பரத்தை அப்படியே நம்ப வேண்டியதில்லை. குஜராத்தின் வடோதராவில் 204 மாணவர்களை மூன்று வருடங்கள் அவதானித்த ஆய்வு 2016இல் வெளியானது. அபகஸ் பழகியவர்கள் கணக்கில் முன்னேறினார்கள். ஞாபகசக்தி போன்ற பொதுத் திறன்கள் கூடவில்லை.

நமக்கு இன்னும் நெருக்கமானது 2025இல் வெளியான மற்றோர் ஆய்வு. நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ குழுவினர் கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகளைச் சோதித்தார்கள். விலையை மனதிலேயே சரியாகச் சொன்ன பிள்ளைகள் பாடப்புத்தகக் கணக்கில் தடுமாறினார்கள். பாடசாலைப் பிள்ளைகளோ சந்தைக் கணக்கில் தடுமாறினார்கள். ஒன்றைப் பழகினால் மற்றது தானாக வராது.

ஓர் உதாரணம். 800 ரூபாய்க்கு வாங்கிய துணிக்கு நூற்றுக்கு 25 இலாபம் வைத்து 1000 ரூபாய் விலை போடுகிறோம். பெருநாளைக்கு நூற்றுக்கு 20 கழிவு கொடுத்தால் கையில் வருவது அதே 800. இலாபம் ஒரு சதமும் இல்லை! பெருக்கலை மணி செய்து தரும். எதை எதனோடு பெருக்க வேண்டும் என்பதைக் கடைதான் சொல்லித்தரும்.

எனவே வசதியுள்ளவர்கள் வகுப்புக்கு அனுப்புங்கள். வசதியில்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். பாடசாலைப் படிப்புக்கு இடைஞ்சலின்றி, விடுமுறை நாளில் ஒரு மணித்தியாலம் மகனையோ மகளையோ மேசையில் இருத்துங்கள். கல்குலேட்டரை ஒதுக்கிவைத்து, முக்கால் கிலோவுக்கு விலை சொல்லவும் கடன் கொப்பியைக் கூட்டவும் விடுங்கள். இதற்குக் கட்டணம் இல்லை; நம்முடைய பொறுமை மட்டும் வேண்டும்.