அந்தக் கட்டைப் பிரிக்கச் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

பழைய வட ஆற்காட்டிலிருந்து பிரிந்த மாவட்டங்களுள் ஒன்று தங்கள் பொறுப்பில் இருக்கிறது. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்த மனுவும், பின்னால் அனுப்பிய நினைவூட்டுகளும் தங்கள் பார்வைக்கு வந்தனவா, வழியிலேயே எங்காவது தங்கிவிட்டனவா என்பது மனுதாரருக்குத் தெரியவில்லை. அதனால்தான் இந்த மடல் பத்திரிகை வழியாக வருகிறது.

மனுதாரர் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பிறந்து வளர்ந்தவர். எழுபதைத் தாண்டிய ஓய்வுபெற்ற ஆசிரியை. அவருடைய கொள்ளுப்பாட்டி 1890களில் சென்னையில் கப்பலேறி, நேட்டாலில் கரும்புத் தோட்டக் கூலியாகப் போய் இறங்கியவர். 1860 அக்டோபரில் 342 பேரோடு சென்னையை விட்டுக் கிளம்பிய 'ட்ரூரோ' கப்பல் நவம்பர் 16 அன்று டர்பன் சேர்ந்தது. அன்று தொடங்கி, 1911இல் ஒப்பந்தக் கூலிகளை அங்கே அனுப்புவது நிற்கும்வரை நேட்டாலுக்குப் போனவர்கள் 1,52,184 பேர். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையில் கப்பலேறியவர்கள். வட ஆற்காடு ஜில்லா நிறையப் பேரை அனுப்பியது.

நேட்டால் அரசு ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்தது. உழைப்பாளியை மனிதராக மதிக்காத எண்தான். ஆனாலும் பிறப்புப் பதிவு, திருமணப் பதிவு, இறப்புப் பதிவு என்று போகுமிடமெல்லாம் அந்த எண் கூடவே போயிற்று. பாட்டியின் பிறப்புப் பதிவில் தாயின் எண் இருந்தது. அந்த எண்ணைக் கொண்டு கப்பல் பட்டியலைப் புரட்டியபோது கொள்ளுப்பாட்டி கிடைத்தார். பெயர், தகப்பன் பெயர், வயது 22, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், இடது புருவத்தின் மேல் ஒரு தழும்பு. குடும்பத்தில் அந்தப் பெண்ணின் புகைப்படம் ஒன்றுகூட இல்லை. அந்தத் தழும்பு ஒன்றுதான் அவர்களுக்குத் தெரிந்த முகம்.

ஐந்தாண்டு ஒப்பந்தம் முடிந்தும் அவர் ஊர் திரும்பவில்லை. அங்கேயே தங்க நினைத்தவர்கள் தலைக்கு ஆண்டுக்கு மூன்று பவுண்டு வரி கட்டவேண்டும் என்று 1895இல் சட்டம் வந்திருந்தது. 13 வயதைத் தாண்டிய பெண்பிள்ளைக்கும் அந்த வரி உண்டு. 1913இல் தோட்டங்களும் சுரங்கங்களும் வேலைநிறுத்தத்தில் இறங்கியதும், மறு ஆண்டு அந்த வரி ஒழிந்ததும் ஊரறிந்தது. அந்த வரியைக் கட்டிக்கொண்டு பிள்ளைகளை வளர்த்த பெண் எந்த ஊர்க்காரி என்பதே கேள்வி.

கிராமத்தின் பெயரை எழுதிய குமாஸ்தா, காதில் விழுந்ததை ஆங்கில எழுத்தில் எழுதிவைத்தார். அதைத் தமிழில் படித்தால் இரண்டு தாலுகாக்களில் மூன்று கிராமங்களுக்குப் பொருந்துகிறது. தகப்பனுக்குக் கொஞ்சம் பட்டா நிலம் இருந்ததாகக் குடும்பத்தில் வழிவழியாக ஒரு பேச்சு உண்டு. அந்தக் காலத்து செட்டில்மெண்ட் பதிவேட்டில் மூன்று கிராமங்களின் பக்கங்களையும் பார்த்தால், தகப்பன் பெயர் எதில் வருகிறது என்று தெரிந்துவிடும். அவர் கேட்டது அந்தப் பக்கங்களை மட்டும்தான்.

இதில் உண்மையான சிக்கல் இருக்கிறது, மறுக்கவில்லை. 1911 வரை வட ஆற்காட்டின் தலைநகர் சித்தூர். பிறகு சித்தூர் தனி மாவட்டமாகி இன்று ஆந்திரத்தில் இருக்கிறது. 1989இல் வட ஆற்காடு இரண்டானது. 2019இல் வேலூர் மூன்றானது. ஒவ்வொரு பிரிவினைக்கும் கட்டுகள் வண்டியேறின. 1980இல் கர்ணம் பதவியை ஒழித்தபோது கிராமக் கணக்குகள் சில அவர்கள் வீட்டுப் பரண்களிலேயே தங்கிவிட்டன. ஆகவே "இங்கே இல்லை, அங்கே கேளுங்கள்" என்ற பதிலை அந்த அம்மா பொறுமையாகவே ஏற்றார். போகச் சொன்ன இடத்துக்கெல்லாம் போனார்.

பொறுக்க முடியாதது அதற்குப் பிறகு நடந்தது.

தங்கள் மாவட்டத்து அலுவலகம் ஒன்றில், பணிமூப்பு உள்ள உதவியாளர் ஒருவர் இரங்கி, ரெக்கார்டு ரூமுக்கு அழைத்துப் போனார். தேர்தல் சாமான்களுக்கு இடம் வேண்டுமென்று பழைய கட்டுகளை வெளியே எடுத்து மாடிப்படிக்குக் கீழே அடுக்கியிருந்தார்கள். அவற்றில் ஒன்று சிவப்புத் துணி சுற்றிய கட்டு. மேலே செருகிய அட்டையில் தாலுகாவின் பெயர், 'செட்டில்மெண்ட்' என்ற சொல், பழைய மையில். அடிக்கட்டுகள் ஈரத்தில் உப்பி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. துணியின் ஒரு மூலையைக் கரையான் தின்றிருந்தது. அந்த அம்மா முடிச்சில் கை வைத்தபோது, உள்ளேயிருந்து வந்த ஒருவர் தடுத்தார். "நிலத்துக்கு உரிமை கொண்டாட வந்திருக்கீங்களா?" என்று கேட்டார். டர்பனில் தேய்ந்துபோன தமிழில் அந்த அம்மா சொன்னார்: "மண்ணு வேணாம் தம்பி. ஊர் பேரு போதும்."

எழுத்தில் மனு கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்தார். முதலில் வந்த பதில், பதிவேட்டைக் காண 1890களில் ஊரை விட்டுப் போனவரின் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் கேட்டது. இறப்புப் பதிவின் நகலை டர்பனிலிருந்து வரவழைத்து இணைத்தார். அடுத்த பதில் ஒரே வரி: கோரிய ஆவணம் இவ்வலுவலகத்தில் கிடைக்கப்பெறவில்லை, மனு முடிக்கப்பட்டது.

படிக்குக் கீழே இருந்த கட்டை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார், ஆட்சியர் அவர்களே. தொட்டும் பார்த்திருக்கிறார். அதைப் பிரிக்காமல் 'இல்லை' என்று கையெழுத்துப் போட்டவருக்கு, அது பொய்யென்று தெரியாமலா இருக்கும்?

ஒரு பெண்ணைக் கூலிக்கு அனுப்பும்போது அரசாங்கத்துக்கு அவள் ஊர் தெரிந்திருந்தது, உயரம் தெரிந்திருந்தது, தழும்பு தெரிந்திருந்தது. அவள் வம்சம் திரும்பி வந்து கேட்கும்போது மட்டும் எதுவும் தெரியவில்லை. மொரிஷியஸ் சிறிய தீவு. அங்கே கூலிகள் இறங்கிய படித்துறை 2006இல் உலக மரபுச் சின்னமானது. மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் வம்சாவளியினர் போய்க் கேட்டால், முன்னோரின் பதிவைத் தேடி எடுத்துத் தருகிறார்கள். போய் இறங்கிய இடத்தில் இவ்வளவு அக்கறை. கிளம்பிய இடத்தில் கரையான்.

தில்லையாடி வள்ளியம்மையை இந்த நாடு கொண்டாடுகிறது. ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்து, அந்த 1913 போராட்டத்தில் இறங்கி, 1914இல் பதினாறு வயதில் இறந்த பெண். அவள் பெயரோடு தாயின் ஊர் ஒட்டிக்கொண்டது. அந்த ஊரில் நினைவு மண்டபம் இருக்கிறது. அதே போராட்டக் காலத்தில் வாழ்ந்த இன்னொரு பெண்ணின் ஊரைக் கண்டுபிடிக்க மண்டபம் வேண்டாம். ஒரு முடிச்சை அவிழ்க்க வேண்டும்.

சூரிநாம் வம்சாவளிக்கு ஆறு தலைமுறைவரை, மொரிஷியஸ் வம்சாவளிக்கு ஏழு தலைமுறைவரை வெளிநாடுவாழ் இந்தியக் குடியுரிமை அட்டை என்று தில்லி அறிவித்திருக்கிறது. தலைமுறையை நிரூபிக்கும் தாள் உங்கள் படிக்குக் கீழே நனைகிறதென்றால், அந்த அறிவிப்பால் யாருக்கு என்ன பயன்? இந்த அம்மா அட்டைகூடக் கேட்கவில்லை.

'கோப்பு பரிசீலனையில் உள்ளது' என்ற பதில் இனி வேண்டாம். விளக்கமும் வேண்டாம். 'கிடைக்கப்பெறவில்லை' என்று எழுதியவரையே அழைத்து, அந்த அம்மாவின் முன்னால் கட்டைப் பிரிக்கச் சொல்லுங்கள். தகப்பன் பெயர் அதில் இல்லாவிட்டாலும் அவர் ஏற்றுக்கொள்வார். பார்த்தபின் இல்லையென்று சொன்னால் போதும். மற்றக் கட்டுகளை மழை வருமுன் மேலே ஏற்றுங்கள். அவற்றிலும் யாரோ ஒருவரின் ஊர் இருக்கிறது, அவர்களும் வந்து கேட்பார்கள். அந்த அம்மா மாத முடிவில் டர்பன் திரும்புகிறார். மறுபடி வர உடம்பு இடம் கொடுக்குமா என்று அவருக்கே உறுதியில்லை.

இப்படிக்கு,
மனுதாரருக்குத் துணையாக வந்த உள்ளூர்க்காரர்